உம் கொட்ட ஒரு ஆள்

நூலகத்தின் மாடியில், கழிப்பறைக்கும் பழைய நாளிதழ்க் கட்டுகள் கிடக்கிற அறைக்கும் நடுவில் ஒரு சின்னக் கண்ணாடி அறை உண்டு. அதற்குள் ஒரு தொலைபேசி, ஒரு மைக், ஒரு நாற்காலி, நாற்காலியில் ஊரே 'உம்' அத்தை என்று கூப்பிடுகிற ஒருத்தி. அவளுக்கு என்ன வேலை என்று கேட்டால் சிரிப்பீர்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு பிள்ளைகள் போன் போட்டுக் கதை சொல்லும், இவள் உட்கார்ந்து உம் கொட்டுவாள். நல்ல கதையாக இருந்தால் வார இறுதியில் வானொலியில் போடுவார்கள். 'உம் கொட்டுறதுக்குச் சம்பளம் வாங்குற ஒரே ஆளு நம்ம அத்தைதான்' என்று கீழே புத்தகம் எடுத்துக் கொடுக்கிறவர்கள் கிண்டலடிப்பார்கள். 'ஒரு நாள் வந்து உக்காந்து பாருங்கடா, அப்பத் தெரியும் வண்டவாளம்' என்பாள் அவள்.

சும்மா சொல்லக்கூடாது, லேசான வேலை இல்லை அது. பெரியவர்களுக்குக் காது இருக்கிறதே தவிர கேட்கத் தெரியாது. பிள்ளை 'ஒரு ஊர்ல' என்று வாயைத் திறந்ததுமே 'உன் பேர் என்ன, எத்தனாவது படிக்கிற, அப்பா என்ன பண்றாரு' என்று ஆரம்பித்துவிடுவார்கள். இல்லாவிட்டால் பிள்ளை யோசிக்கிற இடத்தில் 'சிங்கம் செத்துப்போச்சா?' என்று முந்திக்கொண்டு கதையை முடித்து வைப்பார்கள். பிள்ளையும் பாவம், பெரியவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் என்று 'ஆமா' சொல்லிவிட்டு வைத்துவிடும். அத்தை அப்படியெல்லாம் செய்ய மாட்டாள். பிள்ளை நின்றால் அவளும் நிற்பாள். எத்தனை நேரமானாலும் நிற்பாள். அவள் சொல்கிற 'ம்'மில் பல தினுசு உண்டு. 'இருக்கேன் சொல்லு' என்கிற ம், 'அடப்பாவி அப்படியா' என்கிற ம், 'பயமா இருக்கே' என்கிற ம். எது எங்கே என்று அவளுக்குத் தெரியும்.

அந்தப் போனில் கூப்பிடுகிறவர்களின் நம்பர் தெரியாது. அதுவும் அவள் வேலைதான். நம்பர் தெரிந்தால் எவனாவது பிள்ளையின் வீட்டுக்கு போன் போட்டு 'உங்க பொண்ணு இப்படிக் கதை சொல்லுச்சு' என்று போட்டுக் கொடுப்பான், அப்புறம் எந்தப் பிள்ளையும் வாயைத் திறக்காது என்று நூலக அதிகாரியோடு மல்லுக்கு நின்று, எழுந்து மேஜையைத் தட்டி, ஜெயித்துவிட்டு வந்தாள். ஜெயித்த அன்றைக்கு எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர். தலை முழுக்க நரைத்த மனிதர், இவளைவிட மூத்தவர், ஆனாலும் ஊரோடு சேர்ந்து 'அத்தை' என்றுதான் கூப்பிடுவார். காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு பதிவு செய்வது அவர் வேலை. அவர் மேஜையிலும் ஒரு மைக் உண்டு, லைனோடு சேர்ந்ததுதான், ஆனால் அதைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. ஒருமுறை அந்த மைக் திறந்திருந்த நேரத்தில் தும்மித் தொலைத்தார். பேய்க்கதை சொல்லிக்கொண்டிருந்த பையன் அலறிப்போய் வைத்துவிட்டான். அன்றைக்கு அத்தை விட்ட டோஸில் மனிதர் அதற்கப்புறம் மூச்சைக்கூட அளந்துதான் விட்டார். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் சிலேட்டில் எழுதிக் கண்ணாடியில் காட்டுவார்.

அவருக்குச் சில நாளாக ஒரே ஒரு தலைவலி. அணில் பாப்பா என்று அவர்கள் பேர் வைத்திருந்த ஒரு பெண், அடிக்கடி கூப்பிட்டு அணில் கதை சொல்லும். கெட்டிக்காரி. ஆனால் அவள் கூப்பிடும்போதெல்லாம் லைனில் எக்கோ வந்தது. அத்தை 'ம்' என்றால், ஒரு நொடி கழித்து, தூரத்தில் மெல்லிசாக இன்னொரு 'ம்'. சவுண்டுக்காரர் வயரை மாற்றினார், பிளக்கை மாற்றினார், தொலைபேசிக்காரனைக் கூப்பிட்டுச் சண்டை போட்டார். எக்கோ போகவில்லை. 'என் சர்வீஸ்ல இப்படி ஒரு எக்கோவைப் பார்த்ததில்ல அத்தை. மத்த பிள்ளைங்க பேசினா வரல, இந்தப் பாப்பாவுக்கு மட்டும் வருது' என்று புலம்புவார். பதிவிலிருந்து அந்தக் குட்டி 'ம்'களை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்துத் துடைத்து வைப்பார்.

அன்றைக்கு மதியம் வெயில் கண்ணாடியைச் சுட்டுக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் லீவு. போன் அடித்தது.

"அத்தை, கதை சொல்லட்டுமா?" அணில் பாப்பாவேதான். "நடுவுல போகக்கூடாது. உம் கொட்டிட்டே இருக்கணும்."

"அதுக்குத்தானே கண்ணு உக்காந்திருக்கேன். சொல்லு."

"ஒரு ஊர்ல ஒரு பெரிய அணிலும் ஒரு சின்ன அணிலும் இருந்துச்சாம்."

"ம்."

பாப்பா கொஞ்சம் நின்றாள். அத்தையும் நின்றாள்.

"அம்மா அணிலு வேலைக்குப் போயிருச்சாம். அப்பா அணிலு சாமான் வாங்கப் போயிருச்சாம். பெரிய அணிலும் சின்ன அணிலும் ஒளிஞ்சு விளையாடினாங்களாம்."

"ம்."

மறுபடியும் ஓர் இடைவெளி. என்னமாய் நிறுத்துகிறாள் பார் இந்தக் குட்டி என்று அத்தைக்குப் பெருமையாக இருந்தது. எந்த இடத்தில் நின்றால் கேட்கிறவனுக்கு நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று பெரிய பெரிய ஆட்களுக்கே தெரியாது. குரலும் இன்றைக்கு எடுப்பாக இருந்தது. மேடையில் நின்று கடைசி வரிசைக்குச் சொல்வதைப் போலக் கத்திச் சொன்னாள். சவுண்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு, பாப்பா தொண்டையில் ஸ்பீக்கர் வைத்திருக்கிறாள் என்று சைகை காட்டிச் சிரித்தார்.

"வீட்டுக்குப் பின்னாடி குகைக்காடு இருக்காம். எல்லாக் குகையும் வெள்ளை வெள்ளையா நட்டுக்க நிக்குமாம். சில குகைக்கு வால் இருக்காம். சிலதுக்கு வால அறுத்துட்டாங்களாம். வால் அறுத்த குகைக்குள்ள வெளிச்சமே வராதாம். அங்க போனா காலை ஒடிச்சிருவேன்னு அப்பா அணிலு சொல்லியிருக்காராம்."

"ம்ம்."

"பெரிய அணிலுதான், இதுக்குள்ள ஒளிஞ்சுக்கோ, யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லி, சின்ன அணில உள்ள உக்கார வெச்சுக் கதவைச் சாத்துச்சாம். யாராலயும்னா யாரு, அங்க பெரிய அணிலு மட்டும்தானே. சும்மா விளையாட்டுக்கு."

சவுண்டுக்காரருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அத்தை அவரைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினாள். இந்த வாரம் வானொலிக்கு இதுதான், முடிவாகிவிட்டது என்று அர்த்தம்.

"குகைக்கு வெளிய ஒரு வெள்ளிக் கை இருக்காம். அதைப் பிடிச்சு இழுத்தாத்தான் தொறக்குமாம். பெரிய அணிலு இழுத்துச்சாம். இழுத்தா, அந்தக் கை கையோட வந்துருச்சாம்."

"அச்சச்சோ... ம்."

"சின்ன அணிலு உள்ள இருந்து தட்டுச்சாம். அழுதுச்சாம். அழாதடா, நான் கதை சொல்றேன், நீ உம் கொட்டுன்னு பெரிய அணிலு சொல்லுச்சாம்."

"ம்."

"உம் கொட்டுச்சாம். கொட்டிட்டே இருந்துச்சாம்."

"ம்."

பாப்பா நின்றாள். இந்த முறை நெடுநேரம் நின்றாள். சவுண்டுக்காரர் சிலேட்டை எடுத்துச் சந்தோஷமாக எழுதினார். கண்ணாடியில் வைத்துக் காட்டினார்: 'எக்கோ போயிருச்சு!!'

"இப்ப கொட்டல" என்றாள் பாப்பா.

அத்தை சிலேட்டைப் பார்த்தாள். படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

எக்கோ இல்லை அது. எப்போதுமே எக்கோ இல்லை. ஒவ்வொரு தடவையும் அவளுக்கு ஒரு நொடி பின்னால் வந்த அந்தக் குட்டி 'ம்', பாப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து கதை கேட்ட ஒரு வாண்டின் 'ம்'. எக்கோ என்று வெட்டித் துடைத்து வைத்தார்களே, ஒரு பிள்ளையின் குரலை. பாப்பா இன்றைக்குக் கத்திக் கத்திச் சொன்னது போனுக்காக இல்லை, சாத்திய கதவுக்காக. நிறுத்தி நிறுத்திச் சொன்னது கெட்டிக்காரத்தனத்தால் இல்லை. உள்ளே இருந்து 'ம்' வருமா என்று ஒவ்வொரு தடவையும் காது கொடுத்துக் காத்துக்கொண்டிருந்திருக்கிறாள். வரவில்லை. பிள்ளை பதறிப்போய், வேறு யாரைக் கூப்பிடத் தெரியும் அதற்கு, உம் கொட்டுகிற ஆளைக் கூப்பிட்டிருக்கிறது. அதைக் கேட்டு இவர்கள் இரண்டு பேரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கட்டைவிரலை வேறு தூக்கிக் காட்டினாள் மகராசி.

இத்தனை வருஷத்தில் செய்யாததைச் செய்தாள்.

"கண்ணு, அது உன் தம்பியா? உங்க வீடு எங்க இருக்கு? அப்பா நம்பர் தெரியுமா?"

லைன் கட்டாகிவிட்டது.

அத்தை ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். அந்த 'டொய்ங்' சத்தம் மட்டும் வந்துகொண்டிருந்தது. சவுண்டுக்காரர் கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தார். அவர் முகத்தில் சிரிப்பு இருந்த இடமே தெரியவில்லை.

"வெள்ளையா, நட்டுக்க நிக்கும், வால அறுத்துட்டாங்க..." என்று முணுமுணுத்தார். "பிரிட்ஜு அத்தை. பழைய பிரிட்ஜு. வயரை வெட்டிப் போட்டிருப்பாங்க. அப்பன் ரிப்பேர் பட்டறை வெச்சிருப்பான். அந்தக் காலத்து பிரிட்ஜுல கொண்டி இருக்கும், வெளிய இருந்து மட்டும்தான் தொறக்க முடியும்."

"உள்ள காத்து எவ்வளவு நேரம் இருக்கும்?"

"அதைக் கேக்காதீங்க."

"சொல்லுய்யா!"

"கேக்காதீங்கன்னு சொல்றேன்ல!"

அவர் தன் கைபேசியில் போலீசைக் கூப்பிட்டார். எதிர்முனையில் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். பேரு? தெரியாது. விலாசம்? தெரியாது. கூப்பிட்ட நம்பர்? எங்க போன்ல தெரியாது சார், அப்படித்தான் வெச்சிருக்கோம். குழந்தை என்ன சொல்லுச்சு? அணில் கதை சொல்லுச்சு சார். "ஏங்க, நீங்க பெரிய மனுஷன்தானே?" என்றார் அந்தப் பக்கத்து ஆள். சவுண்டுக்காரர் அழாத குறையாகக் கெஞ்சிய பிறகு, தொலைபேசிக் கம்பெனியில் கேட்டு நம்பரை எடுக்கலாம், ஆனால் உடனே நடக்காது, குறைந்தது ஒரு மணி நேரம் என்றார். ஒரு மணி நேரம்! சவுண்டுக்காரர் அதே கைபேசியோடு தன் மேஜைக்கு ஓடி, ஊரில் உள்ள பிரிட்ஜ் பட்டறைகளைத் தேடி ஒவ்வொன்றாக அழைக்க ஆரம்பித்தார். ஒருவன் எடுக்கவில்லை. ஒருவன், எனக்குப் பிள்ளையே இல்லை, ஏன் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கிறீங்க என்று திட்டினான்.

அத்தை போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். நம்பர் தெரியக்கூடாது என்று மேஜையைத் தட்டியது நினைவுக்கு வந்தது. அந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது. போன் போடு கண்ணு, மறுபடியும் போடு. நான் கேள்வி கேட்டது தப்புத்தான். என் வாயில் கொள்ளி வை, ஆனால் கூப்பிடு.

போன் அடித்தது. பாய்ந்து எடுத்தாள்.

"அத்தை! டைனோசர் கதை! ஒரு ஊர்ல ஒரு பெரிய டைனோசர்..."

வேறு பையன். ஒரே ஒரு லைன்தான். இவன் பேசிக்கொண்டிருக்கிற வரைக்கும் அவள் கூப்பிட்டாலும் கிடைக்காது.

"ராசா, அத்தைக்கு இப்ப முடியாதுப்பா, நாளைக்குச் சொல்லு, என்ன?"

"இப்பத்தானே ஆரம்பிச்சேன்!"

"தெரியும் செல்லம். வெச்சிரு."

"நீங்க எப்பவும் கேப்பீங்கன்னு சொன்னாங்களே..." பையனுக்குக் குரல் உடைந்தது.

அத்தை போனை வைத்துவிட்டாள். ஒரு பிள்ளை அழ அழப் போனை வைத்த முதல் தடவை அது. அதற்கு வருத்தப்பட அவளிடம் இடம் இல்லை.

மறுபடியும் மணி அடித்தது. எடுத்தாள். யாரும் பேசவில்லை. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. அதன் பின்னால், கொஞ்சம் தள்ளி, 'டர்ர்ர்' என்று ஏதோ மெஷின் இரும்பை அறுக்கிற சத்தம்.

அத்தைக்கு நாக்கு நுனி வரை வந்தது: வீடு எங்கே? வீடு எங்கே? வீடு எங்கே? பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்க கேள்வி கேப்பீங்களா?" என்றாள் பாப்பா.

"மாட்டேன்."

"அப்பாகிட்ட சொல்லிருவீங்களா?"

"நான் கதை கேக்குற ஆளு கண்ணு. எனக்கு வேற வேலை தெரியாது. கதை பாதியில நிக்குது. பெரிய அணிலு வெள்ளிக் கையைப் பிடிச்சு இழுத்துச்சு, கை கையோட வந்துருச்சு. தம்பி... சின்ன அணிலு உள்ள உம் கொட்டிட்டு இருந்துச்சு, அப்புறம் கொட்டல. அங்கதான் நிக்கிறோம்."

பாப்பாவின் மூச்சு கொஞ்சம் நிதானமானது. தான் சொன்னதை ஒரு எழுத்து விடாமல் ஒருத்தி வைத்திருக்கிறாள் என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும்.

"ம்" என்றாள் பாப்பா.

"அப்புறம் என்னாச்சு?"

"தெரியல அத்தை." இப்போது அழுகை வெடித்தது. "கதை நின்னுபோச்சு. நகரவே மாட்டேங்குது."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் இரண்டு கையாலும் கண்ணாடியைத் தட்டினார். 'பக்கத்து வீடு! பக்கத்து வீடு!' என்று வாயசைத்தார். அத்தை கையை உயர்த்தி அவரை அடக்கினாள்.

"கதை நின்னுபோனா தள்ளிவிட ஆள் வேணும் கண்ணு. அந்தக் காட்டுல டர்ருன்னு ஒரு சத்தம் கேக்குதே, அது யாரு?"

"அது கரடி."

"ம்."

"இரும்புக் கதவு செய்யுற கரடி. மதிலுக்கு அந்தப் பக்கம். அப்பா அணிலுக்கும் கரடிக்கும் சண்டை. கரடிகிட்டப் பேசினா தோலை உரிச்சிருவேன்னு அப்பா அணிலு சொல்லியிருக்கு."

"ம்ம். கெட்ட கரடியா?"

பாப்பா யோசித்தாள். உள்ளே ஒரு பிள்ளை காற்றில்லாமல் கிடக்கிறது, வெளியே இவள் கரடி நல்லதா கெட்டதா என்று விசாரித்துக்கொண்டிருக்கிறாள். போ, ஓடு, கூப்பிடு என்று ஒரு கத்துக் கத்தினால் என்ன? கத்தினால் வைத்துவிடுவாள். ஒரு தடவை வைத்துப் பார்த்தாயிற்று.

"ஒரு நாள் பெரிய அணிலோட பந்து அந்தப் பக்கம் விழுந்துச்சு. கரடி துடைச்சுத் திருப்பிக் குடுத்துச்சு. ஒண்ணும் சொல்லல."

"ம். கண்ணு, இந்த இடம் எனக்கு ரொம்ப பயமா இருக்கு. நிஜமா. கரடிகிட்ட இரும்புக் கம்பி, சுத்தியல் எல்லாம் இருக்கும். பெரிய அணிலு அதைக் கூப்பிட்டா நல்லா இருக்கும்னு எனக்குத் தோணுது. ஆனா இது உன் கதை. நீதான் சொல்லணும்."

"கரடி திட்டினா?"

"திட்டினா திட்டட்டும். நான் இங்கயே இருக்கேன். எங்கயும் போக மாட்டேன்."

"நான் போயிட்டா தம்பிக்கு யாரு கதை சொல்லுவாங்க?" என்றாள் பாப்பா. அணில் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் உதிர்ந்து போயிற்று. "நிறுத்தினா அவன் பயந்துருவான். நிறுத்தாம சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

"போனை ஸ்பீக்கர்ல போடு" என்றாள் அத்தை. " குகைக் கதவுக்கிட்ட வெச்சிட்டுப் போ. நீ வர்ற வரைக்கும் நான் சொல்றேன்."

"உங்களுக்குக் கதை சொல்லத் தெரியுமா?"

"தெரியாது. இருந்தாலும் சொல்றேன்."

ஏதோ உரசுகிற சத்தம் கேட்டது. அப்புறம் வெறுங்காலோடு ஒரு பிள்ளை ஓடுகிற சத்தம். அதுவும் தேய்ந்து போயிற்று.

'உம்' அத்தை வாழ்நாளில் யாருக்கும் கதை சொன்னவள் இல்லை. அவளுக்கு வராது, அவ்வளவுதான். கல்யாண வீட்டில்கூட நாலு பேர் சேர்ந்தால் இவள் ஓரமாக உட்கார்ந்து தலையாட்டுவாள். இப்போது ஓர் இரும்புக் கதவு அவளுக்கு எதிரில் இருந்தது. அவள் கண்ணுக்குத் தெரியாத கதவு. அதற்குள் ஒரு பிள்ளை, இருக்கிறதோ இல்லையோ.

"ஒரு ஊர்ல ஒரு சின்ன அணிலு இருந்துச்சாம்" என்றாள்.

நிறுத்தினாள். ஒன்றும் வரவில்லை. டர்ர்ர் என்று அந்த மெஷின் மட்டும்.

"அதுக்கு ஒரு அக்கா அணிலு இருந்துச்சாம். கெட்டிக்கார அக்காவாம். கரடியைக் கூட்டிட்டு வரப் போயிருக்காம்."

ஒன்றும் வரவில்லை. உம் கொட்டாத ஆளுக்குக் கதை சொல்வது எப்படி இருக்கும் என்று அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கிணற்றுக்குள் எதையோ போட்டுவிட்டுத் தண்ணீர்ச் சத்தத்துக்குக் காத்திருப்பதைப் போல இருந்தது. சத்தமே வரவில்லை. இருந்தாலும் ஒவ்வொரு வாக்கியத்துக்குப் பிறகும் இடம் விட்டாள். அந்த இடத்தை விடாமல் மளமளவென்று பேசிக்கொண்டே போனால், பிள்ளை போய்விட்டான் என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும்.

"கரடி பெரிசாம். ஆனா நல்ல கரடியாம். பந்தைத் துடைச்சுத் திருப்பிக் குடுத்த கரடியாம்."

இல்லை.

"சின்ன அணிலே, உன் சத்தத்தை நாங்க எக்கோன்னு நெனைச்சுட்டோம்டா. மன்னிச்சிரு ராசா. இதைக் கதையில சேர்க்காதே."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். எல்லாப் பொத்தானையும் கடைசி வரை திருகி வைத்திருந்தார். எந்தக் குட்டிச் சத்தத்தை இத்தனை நாளும் துரத்தினாரோ, அதைத் தேடிக்கொண்டிருந்தார். கேட்டது என்று அவர் தலையை ஆட்டவில்லை.

டர்ர்ர் நின்றது.

சட்டென்று நின்றது. அத்தை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டாள். "சின்ன அணிலே, கரடி மெஷினை நிறுத்திருச்சாம். அக்கா பேசிட்டா. வருதாம். வந்துட்டே இருக்காம்."

கனமான காலடி. ஏதோ உருண்டு விழுந்தது. "எதுல பாப்பா? எந்தப் பொட்டில?" என்று ஓர் ஆணின் குரல் அலறியது. "இதுல... இதுல..." "தள்ளிக்கோ! தள்ளிக்கோம்மா!" இரும்பில் இரும்பு மோதியது. ஒரு தடவை, இன்னொரு தடவை. ஒவ்வோர் அடியும் அத்தையின் மண்டையில் விழுந்தது. கதவு பிய்ந்து வருகிற சத்தம். அப்புறம் போன் எங்கோ தட்டிவிடப்பட்டு, குப்புற விழுந்து, எல்லாமே கம்பளிக்குள் போன மாதிரி அமுங்கிப்போயிற்று.

"கதவு ரப்பர் இங்க கிழிஞ்சிருக்கு... கொஞ்சம் காத்து போயிருக்கும்..." என்று அந்த மனிதர் சொன்னது அரைகுறையாகக் கேட்டது. "டேய் ராசா. டேய். மூச்சு விடுடா. விடுடா சாமி." அதற்குமேல் ஒன்றும் புரியவில்லை. யாரோ எதையோ தேய்த்தார்கள். யாரோ ஓடினார்கள். அப்புறம் ஓட்டமும் நின்றது. பேச்சும் நின்றது. அத்தை மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தெரிந்த தெய்வத்தை எல்லாம் கூப்பிட்டாள், தெரியாததையும் கூப்பிட்டாள்.

யாரோ போனை எடுத்தார்கள். பாப்பாவின் குரல் வந்தது, ஆனால் போனுக்குள் பேசவில்லை. பக்கத்தில் யாரையோ குனிந்து பார்த்துப் பேசுகிற குரல். கத்தவில்லை இப்போது. மெதுவாகச் சொன்னாள்.

"தம்பி, கதை இன்னும் முடியல."

பாப்பா நின்றாள்.

"கரடி வந்து குகையை ஒடைச்சிருச்சாம்."

நின்றாள். அத்தையின் உதடு பழக்கத்தில் மூடிக்கொண்டது, 'ம்' தொண்டைக்கு வந்துவிட்டது. அதை அப்படியே விழுங்கினாள். இந்த இடம் அவளுடையது இல்லை. இதை இன்னொருத்தனுக்காக விட்டிருக்கிறாள் பாப்பா. எத்தனை நேரமானாலும் இதில் அவள் காலை வைக்கக் கூடாது.

"சின்ன அணிலு வெளிய வந்துருச்சாம்."

யாரும் பேசவில்லை. கரடியின் மூச்சு மட்டும் இரைந்தது. சவுண்டுக்காரர் கண்ணைத் திறந்தார். அத்தை அவரைப் பார்த்தாள், அவர் அவளைப் பார்த்தார்.

"வெளிய வந்து, அக்கா அணில..." பாப்பாவின் குரல் உடைந்தது. சமாளித்துக்கொண்டாள். "அக்கா அணில அடிச்சுச்சாம்."

"ம்."

கரகரவென்று, தூக்கத்தில் இருந்து எழுப்பிய பிள்ளை சொல்வதைப் போல, மெல்லிசாக வந்தது. எக்கோவேதான்.

அந்தப் பக்கம் கரடி ஓவென்று அழுதது. ஒரு பெரிய மனிதர் அப்படி அழுது அத்தை கேட்டதில்லை. ஆஸ்பத்திரிக்கு வண்டி வேண்டும் என்று அவர் யாரையோ கூப்பிடுவதும், இருமல் சத்தமும், சின்னவன் 'அம்மா' என்று சிணுங்குவதும் கலந்து கேட்டன.

"அத்தை," என்றாள் பாப்பா போனுக்குள். "இருக்கீங்களா? நீங்க ஏன் உம் கொட்டவே இல்ல?"

அத்தை வாயைத் திறந்தாள். வரவில்லை. இருபது தினுசு 'ம்' வைத்திருந்தவளுக்கு ஒன்றுகூட வரவில்லை. கன்னம் முழுக்க நனைந்துபோய், மேஜையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றாள்.

"அத்தை? போயிட்டீங்களா?"

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சவுண்டுக்காரர் தொடக்கூடாத மைக்கைத் தன் பக்கம் இழுத்தார், பொத்தானை அழுத்தினார்.

"ம்" என்றார்.